ஆர்கேயின் இறக்கையும் பவானி அக்காவின் ஒரு வாக்கியமும்

ஜெர்மனிக்குப் போகிறேன் என்று எதிர்வீட்டில் நான் சொல்லியிருக்கவே கூடாது. வெளிநாடு போகிறவளிடம் மற்றவர்கள் ஊறுகாய் கொடுப்பார்கள், பருப்புப் பொடி கொடுப்பார்கள். பவானி அக்கா ஒரு வாக்கியம் கொடுத்தார். ஊறுகாய் என்றால் பெட்டிக்குள் கசிந்து நான்கு புடவையைப் பாழாக்கும், அத்தோடு போகும்.

பவானி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் எனக்கு எதிர்க்கதவு. அவருடைய ஒரே தம்பி நேசன், ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். இருபது வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவின் சாவுக்குத் தம்பி வரவில்லை என்று அக்கா தொலைபேசியில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். அன்றைக்கு வைத்த போனைத் தம்பி பிறகு எடுப்பதே அபூர்வம். இரண்டு முறை எடுத்தாராம், அக்கா குரல் கேட்டதும் வைத்துவிட்டாராம்.

இப்போது பவானி அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. வருகிற வியாழக்கிழமை காலை. அதற்குப் பிறகு குரல் இருக்குமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

"கலா, அவனிட்டச் சொல்லுங்கோ, 'அக்கா உன்னோட ஒருக்கா கதைக்கவேணுமாம்' எண்டு. அவ்வளவுதான். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார். "தொண்டை விசயத்தை மூச்சுவிடாதேங்கோ. இரக்கப்பட்டு வரக்கூடாது. அக்கா எண்டு வரவேணும்."

இந்த வீம்பை என்ன சொல்ல? காரணத்தைச் சொல்லாமல் ஒரு மனிதனை எப்படி அசைப்பது? ஆனால் அந்தக் குரல் அப்போதே பாதி காற்றாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன்.

நான் போனது வேறு வேலையாக. சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள் நான். கிரேக்கக் கதைகளில் தூது போனவர்களைப் பற்றி ஒரு புத்தகம் கையில் இருக்கிறது. அதில் ஆர்கே என்று ஒரு தேவதை. பெயரைச் சொன்னதும் பதிப்பாளர், "எந்த ஆர்.கே.?" என்று கேட்டார். ஆர்கேயும் ஐரிஸும் அக்கா தங்கை, இருவருக்குமே இறக்கை உண்டு, இருவருக்கும் தூது போகிற வேலை. தேவர்களுக்கும் டைட்டன்கள் என்ற மூத்த தலைமுறைக்கும் சண்டை வந்தபோது ஐரிஸ் தேவர்கள் பக்கம் நின்றாள். ஆர்கே எதிர்ப்பக்கம் போய்விட்டாள். சண்டை முடிந்ததும் தேவராஜன் ஜீயஸ் அவள் இறக்கையைப் பிடுங்கிக்கொண்டு அவளைப் பாதாளத்தில் தள்ளினார். பிடுங்கிய இறக்கையைப் பிறகு யாருடைய கல்யாணத்துக்கோ பரிசாகக் கொடுத்தார். மனிதர்களும் இதைத்தான் செய்கிறார்கள், தேவர்களைச் சொல்லி என்ன பயன்.

ஐரிஸை எல்லோரும் வரைந்திருக்கிறார்கள். ஆர்கே எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஜெர்மனியிலேயே எர்லாங்கன் ஊரில் ஆராய்ச்சி செய்யும் என் அக்கா மகன் கார்த்திக், "சித்தி, இங்க ஒரு பழைய கலெக்‌ஷன்ல இறக்கை வெச்ச தூது தேவதை இருக்கு, கிளம்பி வாங்க" என்றான். கிளம்பினேன்.

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை தேங்காய்ச் சட்னி அரைக்க மிக்ஸியைத் தட்டினேன். குளியலறையிலிருந்து கார்த்திக் நுரையோடு ஓடி வந்தான்.

"சித்தி, சண்டே மிக்ஸி போடக் கூடாது. கீழ் வீட்டுக்காரர் கம்ப்ளெய்ன்ட் பண்ணிடுவார்."

"சட்னிக்கு எதுக்குடா கம்ப்ளெய்ன்ட்?"

"சட்னிக்கு இல்ல, சத்தத்துக்கு."

தேங்காயைத் துருவலாகவே தாளித்துத் தோசைக்குத் தொட்டுக்கொண்டோம். மதியம் தயிர் சாதம் என்று ஒன்றை வைத்தான். தயிர் கிடைக்காத அவசரத்தில் குவார்க் என்கிற கெட்டிப் பாலாடைச் சமாசாரத்தைச் சோற்றில் பிசைந்திருந்தான். சுவரில் பூச வைத்ததை எடுத்துச் சாப்பிட்டது மாதிரி இருந்தது. கடைக்குப் போய் நல்ல தயிர் வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஊரே பூட்டிக் கிடக்கிறது.

நடக்கலாம் என்று இறங்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியே இல்லாத சாலை, சிவப்பு விளக்கு. நான் கடந்துவிட்டேன். கார்த்திக் பக்கத்தில் நாயோடு நின்ற பெரியவர் என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார்.

"என்னடா சொல்றார்?"

"'குழந்தைங்க பார்த்துக் கத்துக்கும்'ங்கறார்."

தெருவில் குழந்தை எதுவும் இல்லை. நாய்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு வந்ததும் அது கார்த்திக்கோடு ஒழுங்காகக் கடந்தது.

திங்கட்கிழமை அந்தச் சேகரிப்புக்குப் போனோம். திங்கட்கிழமை விடுமுறை என்று கதவில் ஒட்டியிருந்தது. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். கார்த்திக் உள்ளே யாருக்கோ போன் போட்டு, மன்றாடி, கால் மணி நேரம் அனுமதி வாங்கினான். முன்பதிவு இல்லாமல் வந்ததைக் காப்பாளர் அம்மாள் மூன்று விதமாகச் சொல்லிக் காட்டியபடியே அழைத்துப் போனார். கண்ணாடிக்குள் ஒரு ஜாடி. அதில் இறக்கை விரித்து, கையில் தூதுக்கோல் பிடித்து ஒரு பெண்.

"ஆர்கே" என்றேன்.

"ஐரிஸ்" என்றார்.

ஆர்கே எங்கே என்று கேட்டேன். தனக்குத் தெரிந்து அவளை யாரும் எந்த ஜாடியிலும் வரையவில்லை என்றார். தோற்ற பக்கத்தின் தூதுக்காரியை யார் வரைவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கார்த்திக்கை முறைத்தேன். அவன் ஜாடியின் அடிப்பாகத்தை ஆராயத் தொடங்கினான்.

பிறகு அந்த அம்மாள் ஐரிஸைப் பற்றிச் சொன்னதைக் கார்த்திக் மொழிபெயர்த்தான். பழைய காவியத்தில் தூது சொல்பவர்கள் எஜமான் சொன்னதை அப்படியே, வார்த்தை மாறாமல் திரும்பச் சொல்வார்களாம். படிக்கிறவர்களுக்கு ஒரே வரி இரண்டு தடவை வரும், அலுப்பாக இருக்கும், ஆனால் அவர்கள் வேலை அதுதான் என்றாராம். இதில் படம் போட என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஜாடியை வேண்டாவெறுப்பாக வரைந்துகொண்டேன். பதினான்காவது நிமிடத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நான் என் தூதைச் சொன்னேன். பவானி அக்கா கொடுத்த எண்ணில் நேசனின் மகள் மதுரா எடுத்தாள். பதினெட்டு வயது இருக்கும், அங்கேயே பிறந்து வளர்ந்து, பல் மருத்துவமனையில் வேலை பழகுகிறவள். அப்பா கடையில் மூட்டை இறக்குகிறார், விசயத்தைச் சொல்லுங்கோ என்றாள்.

"சென்னையிலேர்ந்து உங்க அத்தை சொல்லச் சொன்னாங்கம்மா."

"ஆர்?"

"அப்பாவோட அக்கா. பவானி."

"ஓ, மாமி" என்றாள். குரல் சுருங்கியது.

"அப்பாகிட்ட ஒரு தடவை பேசணுமாம்."

"பேசவேணுமாமோ?"

"ஆமாம்மா, கட்டாயம் பேசணுமாம். ரொம்ப வருஷமா மனசுல அடக்கி வெச்சிருக்காங்க. ஒரே ஒரு தடவை மனசு விட்டுப் பேசிடணும்னு துடிக்கிறாங்க."

இது நான் சொந்தமாகச் சேர்த்தது. பவானி அக்காவின் ஒரு வரி ரொம்ப மொட்டையாக இருந்ததாக எனக்குப் பட்டது. பத்து நிமிடம் கழித்து மதுரா திரும்பக் கூப்பிட்டாள்.

"அன்ரி, அப்பா சொல்லுறார், அவ அண்டைக்குப் பேசினது போதுமாம். இன்னும் பேச இருக்கெண்டா சுவரோட பேசட்டாம். குறை நினைக்காதேங்கோ."

இப்படியும் ஒரு மனிதனா? மாலையில் பவானி அக்கா போன் செய்தார். "சொன்னீங்களோ?" என்ற கேள்வி காகிதத்தை உரசினாற்போல வந்தது. "சொல்லிட்டேன் அக்கா, அவர் கடையில கொஞ்சம் பிஸி" என்று புளுகினேன். நாளை ராத்திரி ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். ஜெர்மனியில் அப்போது மாலை ஐந்தரை. "அதுக்குள்ள எடுப்பான் என்ன?" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. அந்த ஆளை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்காமல் சென்னைக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்தேன். மதுராவிடம் நாளைக்கு வருகிறேன் என்றேன். "வாங்கோ, நான் ஸ்ரேசனுக்கு வாறன். அப்பா கதைக்கமாட்டார். ஆனா நீங்கள் சாப்பிட்டுட்டுத்தான் போகவேணும்" என்றாள். அவர்கள் உபசாரத்தில் குறை வைப்பதில்லை.

புதன்கிழமை. பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர வேண்டிய ரயில். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று எனக்குச் சொன்ன அத்தனை பேரையும் அந்த நடைமேடையில் வரிசையாக நிற்க வைக்க ஆசைப்பட்டேன். முதல் ரயில் முக்கால் மணி தாமதம். வந்ததும், பெட்டிகள் இன்று தலைகீழ் வரிசையில் என்று அறிவித்தார்கள். தலையில் நின்ற நாங்கள் வாலுக்கும், வாலில் நின்றவர்கள் தலைக்கும் ஓடினோம். நடுவில் எல்லோரும் முட்டிக்கொண்டோம். இணைப்பு ரயில் எனக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்ததில் ஏறினால் அது கோதுமை வயலுக்கு நடுவே நின்றுவிட்டது.

பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "தண்டவாளத்தில் ஆட்கள் நடமாடுகிறார்களாம். உங்கள் புரிதலுக்கு நன்றி என்கிறார்கள்."

நான் இன்னும் எதையும் புரிந்துகொள்ளவே இல்லை. அதற்குள் நன்றி சொல்லிவிட்டார்கள். எங்கள் ஊர் ரயிலும் நிற்கும். ஆனால் நின்ற இடத்தில் யாராவது சுண்டலோடு ஏறுவார்கள், பக்கத்து சீட்டுக்காரர் மகள் கல்யாணம் வரைக்கும் சொல்லிவிடுவார், நேரம் போனது தெரியாது. இங்கே பெட்டி முழுக்க ஒரு பெருமூச்சு விட்டு, எல்லோரும் அவரவர் ரொட்டியைப் பிரித்துக்கொண்டார்கள். என்னிடம் கார்த்திக் கட்டிக்கொடுத்த ரொட்டி இருந்தது. கடித்தேன், அது என்னைக் கடித்தது. குடிக்கத் தண்ணீர் என்று வாங்கியது சோடா. வயலில் ஒன்றரை மணி நேரம் போனது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சென்னை நேரம் கூட்டியதில் எனக்கு வியர்த்துவிட்டது.

டோர்ட்மண்டில் இறங்கியபோது நாலு முப்பத்தைந்து. மதுரா உண்மையிலேயே நின்றிருந்தாள், நான்கு மணி நேரமாக, ஒரு டப்பாவில் இடியப்பத்தோடு. அதைப் பார்த்ததும் கண் கலங்கியது. ஆனால் காரில் ஏறியதும் பொரிந்துவிட்டேன்.

"உங்க அப்பாவுக்கு என்னம்மா அப்படிக் கோபம்? அக்கா ஆசையா பேசணும்கிறாங்க, இவர் சுவரோட பேசச் சொல்றார்."

"ஆசையாப் பேசுறதோ?" மதுரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அன்ரி, ஆரும் ஆசையாப் பேசுவினமோ? இருபது வருசத்துக்குப் பிறகும் பேசவேணும் எண்டு ஆள் விட்டுச் சொன்னா அப்பாவுக்குக் கோபம் வராதோ?"

"பேசுறதுல என்ன கோபம்?"

"பேச்சு வாங்கினா நோகும்தானே."

"மதுரா, பேசறதுன்னா உங்க வீட்ல என்ன?"

"ஏசுறது. திட்டுறது. அம்மா என்னைப் பேசினவ எண்டா, அம்மா ஏசினவ எண்டு."

"அப்ப சும்மா பேசறதுக்கு?"

"கதைக்கிறது."

"பேச்சுப் போட்டின்னு வைக்கிறாங்களேம்மா, அது?"

"தமிழ்ப் பள்ளிக்கூடத்தில நானும் பரிசு வாங்கினனான். அது பேச்சு, அன்ரி. இது பேசுறது."

பவானி அக்கா 'கதைக்கவேணும்' என்றுதான் கொடுத்தார். கதைப்பது என்றால் எனக்கு வெட்டிக்கதை மாதிரி ஒலித்தது. தூதுக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று 'பேசணும்' ஆக்கினேன். போதாததற்கு மனசில் அடக்கி வைத்தது, துடிப்பது என்று ஜோடித்தேன். அதை மதுரா வீட்டுத் தமிழில், "மாமி உங்களைப் பேசவேணுமாம், கனகாலமா அடக்கி வச்சிருக்கிறாவாம்" என்று அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். தமிழ்ப் படம் பார்த்துப் பழகிய நேசனிடம் நானே சொல்லியிருந்தால் அவருக்குச் சரியாகப் புரிந்திருக்கும். ஜாடியில் இருந்தவளுக்கு ஏன் வார்த்தை மாற்றக்கூடாது என்று விதி வைத்தார்கள் என்பது கார் நின்ற சிக்னலில்தான் எனக்கு உறைத்தது. நாலு நாளாக நான் திட்டித் தீர்த்தது ரயிலை, ரொட்டியை, நேசனை. காரியத்தைக் கெடுத்தது நான். வெட்கமாக இருந்தது.

கடை வாசலில் மணி நாலு ஐம்பத்தைந்து. உள்ளே அரிசி மூட்டை, உறைந்த முருங்கைக்காய், கருவாட்டு மணம். நேசன் கல்லாவுக்குப் பின்னால் நின்றார். அறுபது வயது, நரைத்த மீசை. ஒரு அம்மா கறிவேப்பிலையோடும், ஒரு ஜெர்மன்காரர் மாம்பழச் சாறோடும் வரிசையில் நின்றார்கள்.

"வாங்கோ தங்கச்சி. பயணம் எப்பிடி? மகள் சாப்பாடு தந்தவளோ?" என்றார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் வரிசையைத் தாண்டி நின்றேன். "அண்ணா, நான் தப்பா சொல்லிட்டேன். அக்கா சொன்னது இதுதான். 'அக்கா உன்னோட ஒருக்கா கதைக்கவேணுமாம்.'"

அவர் கை மாம்பழச் சாற்றின் மேல் நின்றது. "கதைக்கவோ?"

"கதைக்க."

அவர் சாற்றைப் பையில் வைத்தார், ஜெர்மன்காரரிடம் மீதி கொடுத்தார். பிறகு மெதுவாக, "எனக்கு அப்ப விசா இல்லை, தங்கச்சி. அகதி விண்ணப்பம், இஞ்ச அன்ராக் எண்டுவினம், உள்ளுக்குள்ள கிடந்தது, பதில் வரேல்லை. வெளிக்கிட்டா திரும்பி வரேலாது. எல்லாரும் போய் அம்மாவுக்குக் கொள்ளி வைக்க, நான் இஞ்ச ஒரு ஹோட்டல்ல கோப்பை கழுவினன். அவ அதைக் கேக்கேல்லை, பேசினவ. பாப்பம். இருபது வருசம் பொறுத்தது, அடுத்த மாசம் ஆறுதலாக் கதைப்பம்" என்றார்.

ஐந்து மணி தாண்டிவிட்டது. சென்னையில் எட்டரை.

சொல்லக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு நின்றிருந்தால் நான் நல்ல தூதுக்காரி. ஆர்கே பக்கம் மாறிய அன்றைக்கு அவளும் இப்படித்தான் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். அவளை எப்படி வரைவது என்று மூன்று மாதமாகத் தெரியாமல் இருந்தவளுக்கு அந்த முகம் அப்போது தெரிந்தது.

"அடுத்த மாசம் அவங்களுக்குக் குரல் இருக்காது அண்ணா" என்றேன். "நாளைக்குத் தொண்டையில ஆபரேஷன். இன்னும் அரை மணி நேரத்துல போனை வாங்கிடுவாங்க. சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினாங்க, நான் சொல்லிட்டேன்."

கறிவேப்பிலை அம்மா, "ஐயோ, எடுங்கோ அண்ணை" என்றார்.

நேசன் போனை மகளிடம் நீட்டினார், நான் எண்ணைச் சொன்னேன். மதுராதான் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கல்லாமேல் வைத்தாள். மணி இரண்டு தடவை அடித்தது.

"அக்கா" என்றார்.

அந்தப் பக்கம் பவானி அக்கா தொடங்கினார். "எடேய், நீயெல்லாம் ஒரு மனுசனோ? பேசினா போனை வைக்கிறதோ? நான் பேசாமல் உன்னை ரோட்டால போறவனோ பேசுவான்? அம்மா உன்ர பேரைச் சொல்லிச் சொல்லித்தான் போனவ, அதைச் சொல்ல எடுத்தா வைக்கிறாய். கலியாணம் முடிச்சாய், சொல்லேல்லை. பிள்ளை பிறந்தது, மற்றவை சொல்லித்தான் தெரியும்." பாதி குரல், பாதி காற்று. ஆனால் ஒரு வார்த்தையும் தவறவில்லை. நேசன் ஒவ்வொன்றுக்கும் "ஓம் அக்கா" என்றார். முகம் முழுக்கக் கண்ணீர். ஜெர்மன்காரர் போகாமல் நின்று, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மதுராவைக் கேட்டார். சரியாக இருக்கிறது என்றாள்.

ஒரு இடத்தில் இருமல் வந்தது. "சரி, காணும். நான் நிப்பாட்டுறன்."

"நிப்பாட்டாதை அக்கா. இன்னும் பேசு. நீ நாள் முழுக்கப் பேசு, நான் கேக்கிறன்."

அக்கா இருமலை விழுங்கினார். "அவ சொல்லிப்போட்டாவோ?"

"ஓம் அக்கா."

"குடு அவவிட்ட."

நான் போன் பக்கம் குனிந்தேன். எனக்குக் கிடைத்ததை இங்கே எழுத முடியாது. வாக்கு, நம்பிக்கை, எதிர்வீடு என்று வரிசையாக வந்தது. யாழ்ப்பாணத் தமிழில் பேச்சு வாங்குவது எப்படி இருக்கும் என்று எனக்கு முழுமையாகப் புரிந்தது. "சரிங்க அக்கா, தப்புதாங்க அக்கா" என்று சொல்லிப் போனைத் தம்பியிடம் தள்ளினேன்.

அவர் ஸ்பீக்கரை அணைத்து, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டார். மதுரா கல்லாவுக்குப் போய்க் கறிவேப்பிலைக்கு விலை போட்டாள். அதற்குப் பிறகு பவானி அக்கா பேசவில்லை. ஐந்தரை மணி வரை தம்பியோடு கதைத்துக்கொண்டிருந்தார்.